தகுதியிலார் கையில் தலைமை: வெள்ளத்தில் வீழ்ந்த நகரம்

(பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்சிப் பொறுப்பில் ஆள் அமர்த்துவதைப் பற்றித் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். ஒன்று தெரிந்து தெளிதல். மற்றொன்று தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னது. தேர்ந்தவரை அவர்க்குரிய வினையில் நிறுத்துவது பின்னது. இவ்விரண்டையும் சொல்லி முடித்த பிறகே சுற்றந்தழால் என்னும் அதிகாரம் வருகிறது. சுற்றத்தைத் தழுவுதல் நல்லதே. ஆனால் அது வினைக்கு ஆள் தேரும் அளவுகோல் ஆகாது. இவ் வரிசையைத் தலைகீழாக்கிய ஓர் அரசால் மக்களுக்கு என்ன நேரும் என்பதற்குச் செல்வத்திலும் படைவலியிலும் முன்னிற்கும் அமெரிக்க நாடே 2005-இல் சான்றாயிற்று.

அந் நாட்டில் புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலிய பேரிடர்களின்போது மாநிலங்களுக்குத் துணைநிற்கவென்று 1979-இல் ஒரு முகமை அமைக்கப்பட்டது. கூட்டரசு நெருக்கடி மேலாண்மை முகமை என்பது அதன் பெயர். 'பெமா' எனச் சுருக்கி அழைப்பர். தேர்தலில் உழைத்தவர்க்கும் வேண்டியவர்க்கும் நன்றிக்கடனாகப் பதவி வழங்கும் இடமாகவே அது நெடுங்காலம் இருந்தது. 1992-இல் ஆண்ட்ரூ என்னும் புயல் புளோரிடாவின் தென்பகுதியைச் சிதைத்தபோது, உணவுக்கும் நீருக்கும் மக்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். முகமையைக் கலைத்துவிடலாம் என்னும் குரலே அப்போது எழுந்தது.

ஆனால் கலைக்கவில்லை, தலைமையை மாற்றினர். 1993-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன், ஆர்க்கன்சா மாநிலத்தில் நெருக்கடிப் பணித்துறையை நடத்திய சேம்சு லீ விட்டு என்பவரை அமர்த்தினார். மாநில அளவில் இத் தொழிலைச் செய்து பழகிய ஒருவர் அம் முகமைக்குத் தலைவரானது அதுவே முதன்முறை. அவரும் கிளிண்டனுக்கு வேண்டியவரே. ஆயினும் வேண்டியவர் என்பதோடு வினையறிந்தவராகவும் இருந்தார். அதே ஆண்டில் மிசிசிப்பி ஆற்றுப் பெருவெள்ளம் வந்தபோது, கேட்டபின் கொடுப்பது என்னும் பழைய வழக்கை விட்டு, கேட்குமுன் சென்று நிற்பது என்னும் புதுவழக்கை முகமை கைக்கொண்டது. அதே கட்டடம், பெரும்பாலும் அதே பணியாளர். தலைமை மட்டுமே மாறியது. இகழப்பட்ட முகமை சில ஆண்டுகளில் பாராட்டப்படும் முகமையாயிற்று.

குதிரைக் கழகத்திலிருந்து வந்தவர்

2001-இல் ஆட்சி மாறிற்று. புதிய குடியரசுத் தலைவர் புசு, தம் தேர்தல் பரப்புரையை மேலாண்மை செய்த சோ ஆல்பா என்பவரை முகமைக்குத் தலைவராக்கினார். ஆல்பா, தம் நெடுநாள் நண்பரான மைக்கேல் பிரவுன் என்னும் வழக்கறிஞரை முகமையின் சட்ட அலுவலராக அழைத்துக்கொண்டார். பிரவுன் அதற்குமுன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செய்த வேலை, அரபுக் குதிரை வளர்ப்போர் கழகத்தில் குதிரைப் போட்டி நடுவர்களை மேற்பார்ப்பது! அவர் விரைவில் துணைத் தலைவரானார். 2003-இல் ஆல்பா விலக, பிரவுனே தலைவரானார். தேர்தலில் உழைத்தவர்க்கு ஒரு பதவி. அவர் நண்பர்க்கு மற்றொரு பதவி. நண்பர்க்கே இறுதியில் தலைமைப் பதவி. நாட்டு மக்களின் உயிர்க்காப்பு இப்படிக் கைமாறியது.

தலைமை இவ்வாறாக, அடுத்த படிகள் எவ்வாறு இருந்தன? முகமையின் உயர் அலுவலர் எண்மருள் ஐவர் பேரிடர்ப் பணியில் பட்டறிவே இல்லாதவர் என்பதை வாசிங்டன் போசுட்டு நாளிதழ் 2005 செபுதம்பரில் எடுத்துக்காட்டியது. தேர்தற் பணியிலும் கட்சிப் பணியிலும் இருந்து வந்தவர் அவர்கள். தொழிலறிந்த மூத்த அலுவலர் பலர் விலகிச் சென்றனர். போதாக்குறைக்கு 2003-இல் இம் முகமை, உள்நாட்டுக் காப்புத் துறை என்னும் பெருந்துறைக்குள் அடக்கப்பட்டது. வன்முறைத் தாக்குதலைத் தடுப்பதே அத் துறையின் முதல் நோக்கம். புயலும் வெள்ளமும் பின்னே தள்ளப்பட்டன.

முன்னறிந்த அழிவு

நியூ ஆர்லியன்சு நகரின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கும் தாழ்ந்தது. ஒருபுறம் மிசிசிப்பி ஆறு. மறுபுறம் பாஞ்சர்ட்ரெயின் ஏரி. இடையே கிண்ணம் போன்ற பள்ளத்தில் நகரைக் காத்து நின்றவை கரைகளும் வெள்ளத் தடுப்புச் சுவர்களுமே. கரை உடைந்தால் நகர் மூழ்கும் என்பது அனைவரும் அறிந்தது. 2004 சூலையில், 'பாம்' என்னும் கற்பனைப் புயல் ஒன்றை அமைத்து முகமையே ஒத்திகை நடத்தியது. நகர் மூழ்கும், பல்லாயிரவர் சிக்கிக்கொள்வர் என்று அவ் வொத்திகை காட்டிற்று. ஆனால் தொடர்ந்து செய்ய வேண்டிய பணிகள் முடிவுறவில்லை. நோயைக் கண்டறிந்தனர், மருந்தை வாங்கவில்லை.

2005 ஆகசுத்து 28-ஆம் நாள், புயல் நடுவத்தின் தலைவர் மாக்சு மேபீல்டு, கரைகளைப் பற்றிய தம் பேரச்சத்தைக் காணொலிக் கலந்தாய்வில் குடியரசுத் தலைவர் முன்னிலையிலேயே சொன்னார். பிரவுனும் பேரழிவு வரக்கூடும் என்றே அதில் பேசினார். குடியரசுத் தலைவரோ ஒரு வினாவும் எழுப்பவில்லை. மறுநாட்காலை கத்ரீனாப் புயல் கரையேறியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகளும் சுவர்களும் உடைந்தன. நகரின் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கியது. நான்கு நாட்களில் அதே குடியரசுத் தலைவர், கரை உடையும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை என்று தொலைக்காட்சியில் கூறினார்!

அந் நாட்களில் தலைமை என்ன செய்தது? புயல் கரையேறி ஐந்து மணிநேரம் கழிந்த பின்னரே, ஆயிரம் பணியாளரை அனுப்புமாறு பிரவுன் மேலிடத்திற்கு எழுதினார். அவர்கள் வந்துசேர இரண்டு நாள் தவணையும் தந்தார். அதே நாளில் தம் உடையழகைப் பற்றி நகையாடி அலுவலர்க்கு மின்னஞ்சலும் விடுத்தார். அவருக்கு மேலிருந்த காப்புத் துறைச் செயலர், இதனை நாட்டளவிலான நிகழ்வாக முறைப்படி அறிவித்தது மறுநாள் மாலையில்தான். பல மாநிலங்களிலிருந்து உதவிக்கு விரைந்த தீயணைப்பு வீரர்களை அட்லாண்டா நகரில் தடுத்து, வகுப்பறையில் அமர்த்திப் பாடம் நடத்தினர். துண்டறிக்கை கொடுக்கும் பணியையும் அவர்கட்கு ஒதுக்கினர். கூரை மேல் நின்று கையசைத்தவர்க்கு வேண்டியது படகு, துண்டறிக்கை அன்று!

நகரின் மாநாட்டு மண்டபத்தில் பல்லாயிரவர் உணவும் நீரும் மருந்தும் இன்றித் தவித்தனர். அக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. பிரவுனோ அவர்கள் அங்கிருப்பதைச் செபுதம்பர் 1-ஆம் நாளே அறிந்ததாகச் சொன்னார். மறுநாள் குடியரசுத் தலைவர் அவரைச் செல்லப்பெயரால் விளித்து, நன்றாகப் பணியாற்றுகிறீர் என்று எல்லார் முன்பும் பாராட்டினார். பாராட்டிய ஒரு கிழமையில் களத்தலைமையிலிருந்து அவர் நீக்கப்பட்டார். 12-ஆம் நாள் பதவியினின்றும் விலகினார்.

இறந்தோர் 1,833 பேர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 2023-இல் புயல் நடுவம் திருத்திய கணக்கில் 1,392 பேர். லூயிசியானாவில் இறந்தோருள் ஏறத்தாழச் சரிபாதியர் 75 அகவையை எட்டியவர், கடந்தவர். ஊர்தி இல்லாத ஏழைகள், நடக்கவியலாத முதியோர், கறுப்பின மக்கள் ஆகியோரே பெரிதும் அகப்பட்டனர். தலைமை தவறும்போது முதலில் மூழ்குவோர் இவர்களே.

குற்றம் யாருடையது?

எல்லாப் பழியையும் ஒருவர்மேல் சுமத்துவது முறையாகாது. கரைகளை அமைத்த படைப் பொறியாளர் துறை, தன் வடிவமைப்பில் பிழை இருந்ததை 2006-இல் ஒப்புக்கொண்டது. நகர மேயர் கட்டாய வெளியேற்ற ஆணையைப் புயலுக்கு முந்திய நாள்தான் பிறப்பித்தார். ஏழைகளை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய பேருந்துகள் வெள்ளத்தில் நின்றன. மாநில அரசும் தடுமாறிற்று. மேலிடத் துறை தம் கையைக் கட்டியதாகப் பிரவுனும் சொன்னார். அதிலும் சிறிது உண்மை உண்டு.

ஆனால் ஒன்று தெளிவு. கடலோரக் காவற்படையினர் அதே புயலில் 33,000-க்கும் மேற்பட்டோரை மீட்டனர். மேலிருந்து விரிவான ஆணை வருமென்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஏன்? அப் படையில் தலைமைக்கு வருவோர் கடலிலும் புயலிலும் பழகிப் படிப்படியாக உயர்ந்தவர்கள். பிரவுனுக்குப் பின் களத்தலைமை ஏற்ற தாட் ஆலன் அப் படையின் மூத்த தளபதியே. ஒரே அரசின் இரண்டு கைகள்: பழகிய கை காத்தது, பரிசாகப் பெற்ற கை நடுங்கிற்று.

குதிரைக் கழகத்தில் பணியாற்றியது இழிவன்று. அவ் வேலைக்கு அவர் தக்கவராகவே இருந்திருக்கலாம். தம்மால் இயலாத பொறுப்பை ஏற்றது அவர் தவறு. அதை அவர்க்கு ஈந்தது அதனினும் பெருந்தவறு. அமர்த்தியவரே முதற்குற்றவாளி.

முன்வாயிலும் பின்வாயிலும்

2006-இல் அமெரிக்கப் பேராளர் அவையும் மேலவையும் தனித்தனியே உசாவி அறிக்கை தந்தன. அவ் வாண்டு அக்தோபரில் புதுச்சட்டம் பிறந்தது. முகமையின் தலைவர் நெருக்கடி மேலாண்மையில் தேர்ந்த அறிவும் ஆற்றலும் உடையவராதல் வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறையாத தலைமைப் பட்டறிவும் வேண்டும் என்று அது வரையறுத்தது. கையொப்பமிட்ட புசு, தகுதி வரையறை தம் தெரிவுரிமையைக் குறுக்குகிறது என்று எழுதிவைத்தார். அத்தனைச் சாவுகளுக்குப் பின்னும் அவரை உறுத்தியது, வேண்டியவர்க்குப் பதவி தரும் உரிமை குறைகிறதே என்பதுதான்!

சட்டம் சில காலம் பயன் தந்தது. தீயணைப்புத் துறையில் வளர்ந்த பாலிசனும், புளோரிடா மாநில நெருக்கடிப் பணியில் தேர்ந்த கிரேகு புயூகேட்டும் தலைமை தாங்கினர், முகமை நிமிர்ந்தது. ஆனால் சட்டம் முன்வாயிலை அடைத்தால் பின்வாயிலைத் தேடுவது ஆட்சியாளர் இயல்பு. 2025-இல், முகமையை ஒழிக்கலாகாது என்று பேராளர் அவைக் குழுவின் முன் சொன்ன பொறுப்புத் தலைவர் மறுநாளே நீக்கப்பட்டார். பேரிடர் மேலாண்மையில் முன்பட்டறிவில்லாத டேவிட்டு ரிச்சர்ட்சன் அவ்விடத்தில் வந்தார். தலைவர் என்னும் பெயர் இல்லை. தலைவரின் கடமைகளை ஆற்றும் மூத்த அலுவலர் என்றே அவர் குறிக்கப்பட்டார். பெயரை மாற்றினால் தகுதி வரையறை தொடாது அன்றோ? அவ் வாண்டு சூலை 4-ஆம் நாள் டெக்சாசில் குவாடலூப்பே ஆறு பெருகி, 130-க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளம் அவர் பொறுப்புக் காலத்திலேயே நிகழ்ந்தது. நவம்பரில் அவரும் விலகினார்.

பெரியோர்களே! புயலைத் தடுக்க எந்த அரசாலும் இயலாது. கரையை வலிதாக்கலாம், முன்னறிவிப்பைக் கேட்கலாம், வினையறிந்தவனைத் தலைமையில் வைக்கலாம். இம் மூன்றும் மாந்தர் கையில் உள்ளவை. இவற்றைச் செய்யாத அரசு இயற்கையின்மேல் பழிபோடுவது, வாயிலைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை நோவது போன்றது.

வெள்ளம் ஒருவன் கட்சியைக் கேட்பதில்லை. அவன் யாருக்கு நண்பன் என்று வினவுவதில்லை. வினை தெரியுமா என்று மட்டுமே கேட்கிறது. அவ் வினாவை வெள்ளம் கேட்குமுன் மக்கள் கேட்க வேண்டும். பதவியேற்பு நாளிலேயே, மாலை விழும் கழுத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இந்தப் பொறுப்புக்கு இவர் என்ன கற்றார்? எங்குப் பழகினார்? எதைச் செய்து காட்டினார்? விடை இல்லையெனில், அம் மாலைக்கு விலை கொடுப்போர் கூரைமேல் நின்று கையசைக்கப்போகும் மக்களே.