பூட்டிய பட்டறையும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நம் சங்க அறைக்குப் பெற்றோர் வருவார்கள். "அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்பார்கள். இது வழக்கம். இந்த ஆண்டு அந்தக் கேள்வி ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டது.

தாராவியிலிருந்து நம் சகோதரி ஒருவர் வந்தார். மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் தையல் ஒரு தொழிற்பாடம். மிஷின்கள் வந்து இறங்கின. பிள்ளைகளும் ஆசையாகச் சேர்ந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒப்பந்த ஆசிரியர். ஒப்பந்தம் முடிந்தது; புதுப்பிக்கவில்லை. அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "அண்ணாச்சி, பள்ளிக்கூடத்து மிசினு பூட்டிக் கெடக்கு. பை தைக்கிற பட்டறையில மிசினு ராத்திரி பகலா ஓடுது. எம்புள்ளைய எங்க அனுப்பச் சொல்லுதீக?"

நாங்கள் இரண்டு பேர் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். ஆசிரியரை அனுப்புவது ஒரு ஏஜென்சியாம். அவர்கள் அனுப்பினால் அறையைத் திறப்பாராம். அவர் கையில் சாவி மட்டும் இருந்தது, அதிகாரம் இல்லை. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பூட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

தோழர்களே, தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்குகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1953-ல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பனின் தொழிலைப் பழகட்டும் என்றார். நாடு அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போயிற்று. அப்போது அது போகாமல் இருந்திருந்தால், செருப்புத் தைத்தவர் மகன் செருப்போடும், துணி வெளுத்தவர் மகள் துறையோடும் நின்றிருப்பார்கள்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுவது ஒன்று. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் எந்தத் தொழிலின் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பள்ளியில் கற்றுக்கொடுப்பது வேறொன்று. இரண்டையும் பிரிப்பது எது? பணம்தான், தோழர்களே. நல்ல மிஷின், நிரந்தர ஆசிரியர், கச்சாப் பொருள், கூடவே குறையாத கணிதப் பாடம், இவ்வளவுக்கும் அரசு செலவு செய்தால் அது கல்வி. செலவு செய்யாவிட்டால் பிள்ளை எங்கே போய்த் தொழில் பழகுவான்? வீட்டுக்குக் கீழே இருக்கிற பட்டறையில்தான். அரசு பணம் போடாத தொழிற்கல்வி, பெயர் என்னவாக இருந்தாலும், குலக்கல்வியில்தான் போய் முடியும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள், வரவேற்கிறோம். ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டார்கள். கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயது முதல் பதினான்கு வரைதான், எட்டாம் வகுப்போடு முடிகிறது. தொழிற்பாடம் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பு அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நம் பிள்ளை சறுக்கி விழும் இடம் சரியாக அதுதான்.

அரசுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1952-53-ல் இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் அமைத்தார்கள். அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். பல தொழில்களும் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றார் அவர். அதோடு நிற்கவில்லை, பணத்துக்கும் வழி சொன்னார். தொழில் நிறுவனங்களிடம் தொழிற்கல்வித் தீர்வை வசூலிக்கலாம் என்றார். ரயில்வே, தபால் தந்தி போன்ற துறைகளின் நிகர வருவாயில் ஒரு பங்கைத் தொழில்நுட்பக் கல்விக்குத் தரலாம் என்றார். ரயில்வேயில் வேலை பார்க்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். நம் உழைப்பில் வரும் வருவாயில் நம் பிள்ளைகளின் பட்டறைக்கு ஒரு பங்கு என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் ஒரு தமிழர்.

பிறகு 1966-ல் கோத்தாரி கமிஷன் அறிக்கை தந்தது. தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்றது. 1968 கல்விக் கொள்கை ஒப்புக்கொண்டது. 1986 கொள்கையும் ஒப்புக்கொண்டது. 2020 கொள்கையும் அதே 6 சதவீதத்தைச் சொல்லிவிட்டு, அதுவரை செலவு 4.43 சதவீதம்தான் என்று தானே எழுதியிருக்கிறது.

பிள்ளைகளின் எண்ணிக்கைக் கதையும் இதேதான். மேல்நிலை வகுப்பில் 10 சதவீதம் பேரை 1990-க்குள் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவருவோம், 1995-க்குள் 25 சதவீதம் என்றது 1986 கொள்கை. முடியவில்லை. 1992-ல் அதே எண்களை எடுத்து 1995, 2000 என்று தேதியை மட்டும் தள்ளி வைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. 2020-ல் இன்னொரு எண்: 2025-க்குள் பள்ளி, கல்லூரி மாணவர்களில் குறைந்தது 50 சதவீதம் பேருக்குத் தொழிற்கல்வி அறிமுகம். அந்த 2025-ம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், எந்தக் கருவியைக் கையில் தொட்டான் என்று.

பணம் இல்லை என்பார்கள். நாம் கொடுத்த பணம் என்ன ஆயிற்று? 2004 முதல் நம் வரியின் மேல் 2 சதவீதம் கல்வித் தீர்வை. 2007 முதல் இடைநிலை, உயர்கல்விக்கு என்று சொல்லியே இன்னும் 1 சதவீதம். 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம் ஆக்கினார்கள். இடைநிலைக் கல்விக்கு என்று பிடித்த அந்தப் பணத்தைப் போட்டு வைக்கத் தனி நிதிக் கணக்கு தொடங்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது எப்போது தெரியுமா? 2017-ல். பத்து ஆண்டுகள் பல்லாயிரம் கோடி வாங்கியாயிற்று; போட்டு வைக்கப் பெட்டி இல்லை. தணிக்கைத் துறையே இதைக் குறை சொன்னது. சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்க்கும் ஒவ்வொரு தோழரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்று பள்ளித் தொழிற்பாடத்துக்கு நிதி வருவது சமக்ர சிக்ஷா திட்டத்தில். பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. திட்டப் பணம் என்பது ஆண்டுக்கு ஆண்டு ஒப்புதல் வாங்கும் பணம். தவணை பிந்தினால் ஆசிரியரின் சம்பளம் பிந்தும். அவரும் பல மாநிலங்களில் தனியார் ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்தக்காரர். கணக்கு வாத்தியார் நிரந்தரம், தையல் வாத்தியார் தினக்கூலி என்றால், எந்தப் பாடத்துக்கு மதிப்பு என்று பிள்ளைக்கே புரிந்துவிடும்.

இனி நம் சொந்த வாசலைப் பார்ப்போம். நம் பகுதிப் பையன் ஒருவன் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பாடம் படித்தான். உதவி லோகோ பைலட் விண்ணப்பம் போட வந்தான். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. சான்று, அல்லது அப்ரண்டிஸ் முடித்த சான்று, அல்லது டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ வேண்டும். அவன் நான்கு ஆண்டுகள் படித்த பள்ளிச் சான்றுக்கு அதில் கட்டம் இல்லை. மறுபடி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். நாட்டில் ஐ.டி.ஐ.க்களில் பெரும்பகுதி தனியார் நடத்துவது. கட்டணம் கட்டித்தான் சேர்ந்தான். லெவல் 1 நேரடி ஆட்சேர்ப்பில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத இடம் உண்டு. அப்ரண்டிஸ் அறிவிப்புகளிலும் பெரும்பாலும் ஐ.டி.ஐ. சான்றைத்தான் கேட்கிறார்கள். இத்தனைக்கும் மேல்நிலைத் தொழிற்பிரிவு படித்தவர்களுக்கென்றே 1986-ல் அப்ரண்டிஸ் சட்டத்தில் தனி வகை சேர்த்தார்கள். உதவித்தொகையில் பாதி அரசு, பாதி நிர்வாகம். அதற்கான பயிற்சி வாரியம் இதே மும்பையில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சொல்ல வேண்டிய பள்ளி சொல்லவில்லை. சங்கமும் இதுநாள் வரை சொல்லவில்லை. இது எங்கள் குறையும்தான், ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: தொழிற்பாட ஆசிரியருக்கு மற்ற ஆசிரியர் போலவே நிரந்தரப் பதவி, மாநில பட்ஜெட்டிலிருந்து சம்பளம்.

இரண்டு: கச்சாப் பொருளுக்கும் மிஷின் பழுதுக்கும் ஆண்டுதோறும் தனித் தொகை. வாங்கிப் போட்டால் மட்டும் போதாது.

மூன்று: பள்ளித் தொழிற்சான்றை ரயில்வே முதலிய பொதுத்துறை ஆட்சேர்ப்பில் ஏற்க வேண்டும். இதை நம் தொழிற்சங்கங்கள் வழியாகவும் எழுப்புவோம்.

நான்கு: தொழிற்பாடம் எடுத்த பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் குறையக் கூடாது, கல்லூரி வாசலும் மூடக் கூடாது. பட்டறை வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டும். நம் பிள்ளைக்கு மட்டும் சுத்தியல், மற்றவனுக்குப் புத்தகம் என்றால் அதை ஏற்க மாட்டோம்.

இது அரசு செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் பெற்றோர் இடம்பெறும் நிர்வாகக் குழு உண்டு. நம்மில் எத்தனை பேர் அதில் போய் உட்கார்ந்திருக்கிறோம்? மராத்தி சரியாக வராது என்று கூச்சப்பட வேண்டாம். உங்களோடு வரச் சங்கத்திலிருந்து ஓர் ஆள் தருகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு: தொழிற்பாடத்துக்கு இந்தப் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, ஆசிரியர் பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி? இந்த நான்கு கேள்வி போதும். மனு எழுத ஞாயிறுதோறும் இங்கே இருப்போம்.

நம் தாத்தாமார் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தார்கள். பேரன் விரும்பினால் தோல் தொழில்நுட்பம் படிக்கட்டும். விரும்பினால் மோட்டார் படிக்கட்டும். விரும்பினால் டாக்டருக்குப் படிக்கட்டும். தேர்ந்தெடுப்பவன் அவனாக இருக்க வேண்டும்.

அந்தச் சகோதரியின் மகன் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். மாலையில் பை தைக்கிறான். முதல் மனு அந்தப் பள்ளிக்குத்தான். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். கூட்டம் முடிந்ததும் மேஜையில் இருக்கிறது. அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்திட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.