கல்லைப் பிளந்து பார்க்க வேண்டும்

(தோட்ட வீடமைப்புச் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



லயத்துக் காம்பராவிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது சின்ன விஷயமில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடு என்று சொன்னது ஞாபகம் இருக்கும். இன்றைக்கு அந்தச் சுவருக்கு வைக்கிற சீமெந்துக் கல்லைப் பற்றித்தான் பேச்சு.

சீமெந்துக் கல்லை மேலேயிருந்து அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது. அமுக்குவதைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவைக்கு உண்டு. நம்ம மலையில் சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் நிரப்பியல்லவா கட்டுகிறோம்? அடைமழைக்கு நிரப்பு மண் கொஞ்சம் இறங்கினாலே சுவரைப் பிடித்து இழுத்த மாதிரிதான். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக வெடிப்பு ஓடும். நிரப்பு மண்ணில் அத்திவாரம் போட்டால் எந்த நல்ல கல்லும் வெடிக்கும். அதை மேசன் பாஸ்மாரோடு இன்னொரு நாள் பேசுவோம்.

இழுவைப் பலத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டு முனையையும் பிடித்து இழுக்கப் போனால் பிடித்த இடமே நொறுங்கும். அதனால் கல்லின் மேலே ஒரு இரும்புக் கம்பி, நேர் கீழே ஒரு கம்பி வைத்து இயந்திரத்தில் அமுக்குவார்கள். உள்ளே பக்கவாட்டில் இழுவை உண்டாகி, கல் விறகு மாதிரி இரண்டாகப் பிளக்கும். பிளந்த நேரத்துப் பாரத்தை வைத்துக் கணக்குப் போடலாம்.

இது வந்த கதை வேடிக்கையானது. 1943இல் பிரேசிலின் ரியோ நகரில் பெரிய வீதி போடுவதற்காக ஒரு பழைய தேவாலயத்தை கொங்கிரீட் உருளைகள் மேல் நகர்த்த நினைத்தார்கள். உருளைகளை அமுக்கிப் பார்த்த கார்னெய்ரோ என்ற பொறியியலாளர், அவை நடுவில் நேராகப் பிளப்பதைக் கண்டார். தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். சோதனை நிலைத்துவிட்டது.

ஒரு தோட்டத்தில் வார்த்து நாலாம் நாளே லொறியில் ஏற்றின கல்லைப் பார்த்தேன். மூலையெல்லாம் உதிர்ந்திருந்தது. கேட்டதற்கு, "குளிருக்கு அப்படித்தான் சேர்" என்றார் கொந்தராத்துக்காரர். குளிரில் சீமெந்து மெதுவாக இறுகும் என்பது உண்மை. அப்படியானால் சாக்குப் போட்டு, தண்ணி தெளித்து, கூடுதல் நாள் வைக்க வேண்டுமே தவிர, ஏற்றக்கூடாது. அந்த வரிசையில் ஒரு அக்கா இப்போது சுவர் வெடிப்பில் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறார்.

சீமெந்துக் கல்லுக்கு 1989இலேயே எஸ்.எல்.எஸ். 855 என்ற தரம் வந்தது. கல் இறங்கும்போது சோதனை அறிக்கையைக் கேளுங்கள். சோதனைக்குக் கல் எடுப்பது சங்கத்து ஆளாக இருக்கட்டும், அதுவும் அடுக்கின் நடுவிலிருந்து. கொந்தராத்துக்காரர் நீட்டுகிற கல்லை வாங்காதீர்கள். அறிக்கை வரும்வரை ஒரு வரிசையும் கட்ட விடவேண்டாம்.