தானே பூண்ட ஆசனப்பட்டி

ஓடும் கார் சுவரில் மோதினால் கார் நின்றுவிடும், உள்ளிருப்பவர் நிற்பதில்லை. சென்ற வேகத்திலேயே சுக்கானிலோ முன்கண்ணாடியிலோ மோதுகிறார். நேயர்களே, அவரை ஆசனத்தோடு பிணைத்துவைக்க 1959ஆம் ஆண்டில் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் மும்முனைப் பட்டியை ஆக்கித் தந்தார். அதற்குமுன் அவர் அமைத்தவை, விமானியை ஆகாய விமானத்துக்கு வெளியே வீசும் ஆசனங்கள்! வீசக் கற்றவரே பிணைக்கவும் கற்பித்தார்.

பட்டி இருந்தது, பூணுவார்தாம் இலர். 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், பட்டி பூட்டாவிடில் எஞ்சின் இயங்காதவாறு அமெரிக்க அரசு செய்தது. பக்கத்து ஆசனத்தில் வைத்த பலசரக்குப் பையையும் ஆளென்றெண்ணி வண்டி கிளம்ப மறுத்தது. மக்கள் சினந்தனர். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் அவ்விதியை நீக்கிற்று.

மனிதன் பூணான் எனில் பட்டியே அவனைப் பூணட்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வொல்க்ஸ்வாகன் ‘றாபிற்’ காரில் தோட்பட்டியைக் கதவிலேயே பொருத்தினர். கதவை மூட, அது மார்பின் குறுக்கே படிந்தது. 1981ஆம் ஆண்டு மாதிரியான டொயோட்டா ‘கிரெசிடா’விலோ, கதவின் மேலுள்ள தண்டவாளத்தில் சிறு மோட்டார் ஒன்று பட்டியை இழுத்துவந்து தோளில் சேர்த்தது.

இத்தகைய தற்காப்பை வேண்டிய 1977ஆம் ஆண்டு ஆணையை, 1981இல் வந்த அரசு கைவிட்டது. கழற்றத்தக்க பட்டியை மக்கள் கழற்றியே விடுவர் என்பது அதன் வாதம். 1983இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பூட்டச் சோம்புபவன் கழற்றவும் சோம்புவான் அன்றோ? நீதிபதிகள் மனித இயல்பை நன்கு அறிந்திருந்தனர். மறு ஆண்டில் புதிய விதி பிறந்தது. காற்றுப்பை, தானியங்கிப் பட்டி இரண்டிலொன்று போதுமென்றிருந்தமையால், பலர் மலிவான பட்டியையே தெரிந்தனர்.

குறை அங்கேதான் ஒளிந்திருந்தது. மோட்டார் தோளை மட்டுமே காத்தது. இடுப்புப் பட்டியைக் கையாற்றான் பூட்டவேண்டும். எல்லாம் யந்திரம் பார்த்துக்கொண்டது என்றெண்ணிப் பலர் அதை மறந்தனர். மோதலில் அவர்களுடல் கீழே வழுக்க, காக்கவேண்டிய தோட்பட்டியே கழுத்தில் இறுகும் அபாயம் நேர்ந்தது. கதவிற் பொருத்திய வகையிலோ, விபத்தில் கதவு திறந்துகொண்டால் பட்டியும் அதனோடு போயிற்று. அரைகுறைக் காவல், காவலின்மையினும் கொடிதாகலாம். தான் காக்கப்பட்டிருப்பதாக மனிதன் நம்பிவிடுகிறான்.

1991ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாசனங்களுக்குக் காற்றுப்பையைக் கட்டாயமாக்க வழிசெய்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே தானியங்கிப் பட்டி புதிய கார்களிலிருந்து மறைந்தது. காற்றுப்பையோடு இன்று கூட இருப்பது, போலினின் கையால் பூட்டும் பட்டியே.