கருவுற்ற தாயும் வலிப்பு மாத்திரையும்

(தோட்ட மண்டபத்தில் தாய்மார்களிடையே மருத்துவத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



வலிப்பு நோயைப் பற்றி நம் லயங்களில் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மகளுக்கு மணமாகாதே என்று அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். மணமான பின் அவளும் மறைக்கின்றாள். அவள் கருவுறும்போது அந்த மறைவே உயிருக்கு வினையாகி விடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒரு பெண்ணைப் பற்றிக் கூறுகிறேன். அவள் பால் வெட்டும் தொழிலாளி. நாள் தள்ளிப்போனதும், மாத்திரை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தானாகவே அதனை நிறுத்திவிட்டாள். பத்து நாள் ஒன்றும் நேரவில்லை. பதினொன்றாம் நாள் விடியற்காலையில், கையில் வெட்டுக்கத்தியுடன் மரத்தடியில் விழுந்தாள். ஒரு வலிப்புத் தணியுமுன் அடுத்தது தொடர்ந்தது. நல்வேளையாக உடன் வேலை செய்தவர்கள் அருகில் இருந்தமையால் தாயும் கருவும் பிழைத்தனர்.

அவளுடைய அச்சம் முற்றிலும் பொய்யன்று. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வால்புரோயேட் என்றொரு மருந்து உண்டு. எப்பிலிம் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பீர்கள். கருவுற்ற காலத்தில் அதனை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 10 குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறக்கின்றன. பொதுவாக இக்குறை 100க்கு 2 அல்லது 3 தான். மேலும் 30 முதல் 40 குழந்தைகள் வரை பேசுவதிலும் கற்பதிலும் பின்தங்கக்கூடும். ஆகவே இம்மருந்தை உண்ணும் இளம்பெண்கள், கருத்தரிப்பதற்கு முன்னரே மருத்துவரிடம் சென்று மாற்று மருந்து கேட்க வேண்டும். லாமோடிரிஜின், லெவெடிராசெட்டம் போன்றவை கருவுக்கு எவ்வளவோ பாதுகாப்பானவை. ஆயினும் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுவது சிறுகச் சிறுக மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. எந்த மருந்தாயினும், கருவுற்றது தெரிந்த அன்று மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். அன்றே சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழல், கருத்தரித்த நான்கு வாரத்திற்குள் மூடிக்கொள்ளும். அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாது. அதனால்தான் போலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்கின்றோம். வலிப்பு மருந்து உண்பவருக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் கொடுக்கப்படும்.

மாதம் ஏற ஏற, லாமோடிரிஜின் போன்ற மருந்துகளை உடல் விரைவாக வெளியேற்றிவிடும். மருத்துவர் அளவைக் கூட்டினால் திகைக்க வேண்டாம். பேறுகாலம் முடிந்ததும் மீண்டும் குறைப்பார். மாத்திரை விழுங்கியதும் வாந்தி வந்தால், நீங்களாக இரட்டிப்பாக உண்ணாமல் தாதியிடம் கேளுங்கள்.

உறக்கம் கெட்டால் வலிப்பு வரும். இருள் பிரியுமுன் எழும் நம் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முன்னிரவிலேயே படுத்துவிடுங்கள். கத்தியும் பள்ளமும் இல்லாத வேலையைத் தரும்படி நிர்வாகத்திடம் கணவர் கேட்கட்டும். அதில் வெட்கம் எதற்கு?

வலிப்பு வந்தால் இரும்பையோ சாவியையோ கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். ஐந்து நிமிடத்திற்குள் நிற்காவிட்டாலோ, மீண்டும் வந்தாலோ 999ஐ அழையுங்கள். கருவுற்ற பெண்ணுக்கு வலிப்பு வந்து நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். வலிப்பே இல்லாதிருந்த பெண்ணுக்குப் பிந்திய மாதங்களில் திடீரென வருவது இரத்த அழுத்தத்தால் ஆனதாக இருக்கலாம். அங்கே ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று முன்வரிசையில் ஒரு மாமியார் கேட்கிறார். பெரும்பாலோர் தாராளமாகக் கொடுக்கலாம். தாய் உண்ணும் மருந்தைச் சொல்லி மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தாய் தரையில் பாய் விரித்து அமர்ந்தே பாலூட்டட்டும், துணி மாற்றட்டும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் நீங்கள் உடன் நில்லுங்கள் அம்மா. இரவில் ஒரு முறை நீங்கள் எழுந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அவள் சற்று உறங்குவாள்.