ஒரு முழங்கால் மேல மொத்தப் பழியா?

இன்னைக்கு பேஸ்பால். 2023 நியூயார்க் மெட்ஸ் பத்திப் பேசுவோம். முந்தின வருஷம் 101 வெற்றி எடுத்த டீம். அந்த சீசனுக்கு, அதுவரை எந்த டீமும் கொடுக்காத அளவு சம்பளம் கொடுத்தாங்க. கிடைச்சது 75 வெற்றி.

ஏன்னு கேட்டா, ரசிகர்கள் நிறைய பேர் முதல்ல சொல்ற பேர் எட்வின் டியாஸ். டெத் ஓவர் பவுலர் மாதிரி, கடைசியில வந்து மேட்ச்சை முடிச்சுக் கொடுக்கிற க்ளோசர். மார்ச்ல உலக பேஸ்பால் கிளாசிக்ல போர்ட்டோ ரிக்கோ ஜெயிச்சதும் குதிச்சுக் கொண்டாடினார். வலது முழங்கால்ல தசைநார் கிழிஞ்சது. சீசன் முழுக்க அவுட். ‘நாட்டுக்காக ஆட ஏன் போகணும்?’னு திட்டு வேற.

எனக்கு இந்தக் கணக்கு இடிக்குது. க்ளோசர் வர்றது முக்கியமான நேரம், ஒத்துக்கிறேன். ஆனா 2022-ல டியாஸ் வீசினது 62 இன்னிங்ஸ். ஒரு டீம் வருஷத்துக்கு 1,400-க்கு மேல வீசணும். அவர் இல்லாததால மட்டும் 26 வெற்றி குறையுமா?

40 வயசு வெர்லாண்டர் ஏப்ரல் முழுக்க காயத்தோட வெளிய இருந்தார். அவருக்கும் ஷெர்சருக்கும் வருஷத்துக்கு தலா 4.3 கோடி டாலர். ஆகஸ்ட் பிறக்கிறப்போ ரெண்டு பேரையுமே வேற டீமுக்குக் கொடுத்தாச்சு. வயசான பந்துவீச்சை நம்பித் திட்டம் போட்டது நிர்வாகம்.

காயத்தைக் காரணம் காட்டினா, திட்டம் போட்டவங்க தப்பிச்சுக்குவாங்க. சந்தோஷத்துல குதிச்சவர் மாட்டிக்குவார்.