ஊசி குத்துறதுக்கு முன்னாடி உங்க பேரை நீங்களே சொல்லுங்க

(கம்பத்தில் பொதுமக்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் டாக்டர் இல்லீங்க, நர்ஸும் இல்லை. தகவல் துறையில் எழுதுற வேலை. அப்புறம் ஏன் ரத்தப் பரிசோதனையைப் பத்திப் பேச வந்திருக்கேன்னா, அதுக்குக் காரணம் எங்க அப்பத்தா.

அப்பத்தாவுக்கு சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. ஒரு நாள் வழக்கமான பரிசோதனைக்கு ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்துட்டு வந்தாங்க. சாயங்காலம் ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. பொட்டாசியம் 7.2. சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. 7-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம்னு செல்போனில் படிச்சுட்டு வீட்டில் ஒரே அமளி. அப்பத்தா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் பண்ணலடி, ஏன் இப்படிக் கத்துறீங்க"ன்னு கேக்குறாங்க.

கார் பிடிச்சு ராத்திரியோடு ராத்திரியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தாங்க, நல்லா இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. பொட்டாசியம் 4.3. பழைய ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்த டாக்டர், "கால்சியமும் ரொம்பக் கம்மியா காட்டுது பாருங்க. ஊதா மூடி டியூப்பில் இருந்த ரத்தம் இன்னொரு டியூப்பில் கலந்திருக்கும்"னார்.

இதை நான் பிறகு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஊதா மூடி டியூப்புக்குள்ளே ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற ஒரு உப்பு இருக்கும். அது பொட்டாசியம் சேர்ந்த உப்பு. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் உறையாமல் தடுக்கிறது. அந்த டியூப்பில் இருந்து கொஞ்சம் ரத்தம் சிவப்பு மூடி டியூப்புக்குள் போய்விட்டால் போதும், பொட்டாசியம் ஏறிக் காட்டும், கால்சியம் இறங்கிக் காட்டும். மெஷின் மேல் தப்பே இல்லை. அதுக்குக் கொடுத்த ரத்தம்தான் தப்பு. அந்த 7.2-ஐ அப்படியே நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்தை அப்பத்தாவுக்கு ஏத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைக் கலக்குது.

அதுக்கப்புறம்தான் ரத்தம் எடுக்குறவங்க கையை உத்துப் பார்க்க ஆரம்பிச்சேன். ரத்தப் பரிசோதனையில் நடக்கிற தவறுகளில் பெரும்பங்கு, ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுதாம். அப்போ பக்கத்தில் இருக்கிற ஒரே சாட்சி யாரு? கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நீங்கதான்.

முதல் தவறு ஊசியில் இல்லை, பேரில் இருக்கு. காலை 8 மணிக்கு லேப் வாசலில் முப்பது பேர் நிற்கிறாங்க. "பாண்டியம்மா யாரு, நீங்கதானே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். காது சரியாகக் கேட்காத பெரியவங்க எதுக்கும் "ஆமா"ன்னுதான் சொல்வாங்க. நம்ம பள்ளத்தாக்கில் ஒரு தெருவுக்கு மூணு பாண்டியம்மா, நாலு முருகன். அதனால் கேள்வியே வேற மாதிரி இருக்கணும்: "உங்க பேரு என்ன? பிறந்த தேதி என்ன?" பதிலை நீங்க சொல்லணும், அவங்க சீட்டோடு ஒத்துப் பார்க்கணும். ரத்தம் எடுத்து முடிச்ச உடனே, உங்க பக்கத்திலேயே, உங்க கண் முன்னாடியே டியூப்பில் பேரு ஒட்டணும். காலி டியூப்புகளில் முன்கூட்டியே பேரு எழுதி வரிசையா அடுக்கி வைக்கிறது வேலையைச் சுலபமாக்கும், ஆனா ஆளை மாத்திடும். சர்க்கரை அளவில் பேரு மாறினால் மருந்து மாறும். ரத்த வகை பார்க்கும் டியூப்பில் பேரு மாறி, பொருந்தாத ரத்தம் ஏத்திட்டாங்கன்னா உயிரே போகும்.

உங்க கூட வந்த பெரியவங்களுக்குப் பதிலா நீங்க குரல் கொடுக்கலாம். அதில் தப்பே இல்லை.

சரி, இப்போ நாற்காலியில் உட்கார்ந்தாச்சு. உலக சுகாதார நிறுவனம் ரத்தம் எடுக்கும் முறைக்கென்றே 2010-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் இருக்கிறதும், நம்ம ஊர் லேப் டெக்னீஷியன்கள் நல்லா செய்யும்போது நான் பார்த்ததும் ஒண்ணுதான். கை கழுவுறாங்க, உங்களுக்குன்னு புதுக் கையுறை மாட்டுறாங்க. முந்தின ஆளுக்குப் போட்ட கையுறையோடு வந்தால், அது அவங்களைக் காப்பாத்தும், உங்களைக் காப்பாத்தாது. ஊசி உறையை உங்க முன்னாடி பிரிக்கிறாங்க. ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேலே நாலஞ்சு விரல் தள்ளிக் கட்டுறாங்க. அதை ரெண்டு நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது. பட்டையைக் கட்டிட்டு செல்போனில் பேசப் போயிட்டாங்கன்னா அவிழ்க்கச் சொல்லுங்க. கை ரொம்ப நேரம் இறுகினாலும், "நல்லா மூடித் திற, மூடித் திற"ன்னு பத்து தடவை செஞ்சாலும் பொட்டாசியம் கூடிக் காட்டும். அப்பத்தா கதையேதான், காரணம் மட்டும் வேற.

ஸ்பிரிட் தடவின பிறகு அது காய ஒரு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தைத்தான் எல்லாரும் திருடுறாங்க. வாயால் ஊதிக் காய வைக்கிறதும், தடவின இடத்தை விரலால் மறுபடி தொட்டு நரம்பு தேடுறதும் துடைச்ச வேலையை வீணாக்கிடும். ஈரத்தோடு குத்தினால் எரியும், அதுவும் உங்களுக்குத்தான்.

டியூப்புகளுக்கும் ஒரு வரிசை உண்டு. ரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கிற நீல மூடி முதலில், சிவப்போ மஞ்சளோ அடுத்து, பச்சை, ஊதா, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல் நிற மூடி. ஒரு டியூப்பில் இருப்பது அடுத்ததுக்குள் ஒட்டிப் போனாலும் கணக்கு கெடக்கூடாதுன்னுதான் இந்த வரிசை. எடுத்ததும் டியூப்பை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கணும். மருந்து பாட்டில் மாதிரிக் குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைஞ்சுடும். ஒருத்தரே ரெண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கலைன்னா, மூணாவது தடவைக்கு வேற ஆளைக் கூப்பிடணும். இது நீங்க கோபமில்லாமலே கேட்கலாம்: "அண்ணே, இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லலாமா?"

நீங்க முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதும் இருக்கு. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்தம் எடுக்கக்கூடாது. குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருக்கிற கையிலும் எடுக்கக்கூடாது, சர்க்கரை தாறுமாறா காட்டும். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, வெட்கப்படாமல் சொல்லுங்க, படுக்க வைத்து எடுப்பாங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா, அதையும் சொல்லுங்க. எடுத்த பிறகு பஞ்சை வச்சுக் கையை மடக்கிக்கிறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். மடக்காதீங்க. கையை நீட்டி, ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மாத்திரை சாப்பிடுறவங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கணும். கருநீலமாகக் கன்றிப் போறது பாதி குறையும்.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைச்சது, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அந்தத் திராட்சையைப் பறிச்சுட்டோ தின்னுட்டோ அப்படியே விரலை நீட்டி, வீடு தேடி வர்ற மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கிட்ட சர்க்கரை பார்த்தால் என்ன ஆகும்? விரலில் ஒட்டியிருக்கிற பழச்சர்க்கரையும் சேர்ந்து அளவு கூடிக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைச்சா மட்டும் அது போகாது. தண்ணியில் கழுவித் துடைச்சுட்டு வரணும். விரலை அழுத்திப் பிழியக்கூடாது. விரல் குத்துற சின்ன ஊசி ஒரு ஆளுக்கு ஒண்ணு, ஒரே தடவைதான். ஒரே வீட்டு ஆளுங்கதானேன்னு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே ஊசியைப் போடச் சொல்லாதீங்க.

விடியக் கருக்கலில் ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போற அக்காமார்களுக்கு இன்னொரு சங்கடம். வெறும் வயித்தில் ரத்தம் கொடுக்கச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். அதனாலேயே பரிசோதனையைத் தள்ளிப் போடுறாங்க. ஹெச்.பி.ஏ.1.சி. என்று ஒரு பரிசோதனை இருக்கு. மூணு மாசச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும். சாப்பிட்டுட்டும் கொடுக்கலாம், சாயங்காலமும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, ரத்தசோகை இருந்தால் அந்த அளவு ஏமாத்தலாம், டாக்டர்கிட்ட முதலிலேயே சொல்லிடுங்க. வெறும் வயித்துப் பரிசோதனைதான் வேணும்னா, 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்கணும். தண்ணி குடிக்கலாம். குடிச்சா நரம்பும் சுலபமாகக் கிடைக்கும். கடுங்காப்பி கூடாது, சர்க்கரை போடாத காப்பியும்தான்.

மேகமலையில் முகாம் போட்டு எடுக்கிற ரத்தம் சின்னமனூர் இறங்கி வர்றதுக்கு எத்தனை வளைவு! சாதாரண டியூப்பில் அப்படியே வச்சால், ரத்த அணுக்கள் அதில் இருக்கிற சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சர்க்கரை இருக்கிறவருக்கு இல்லைன்னு ரிப்போர்ட் வர இது போதும். சாம்பல் மூடி டியூப்பில் இருக்கிற ஃபுளோரைடு அதைத் தடுக்கத்தான். முகாமில் கொடுத்தீங்கன்னா, "சர்க்கரைக்குத் தனி டியூப் எடுத்தீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ரத்தத்தைப் பத்திரமாகக் கொண்டு போறதில் நம்ம மாநிலத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிச்ச டாக்டர் செல்லப்பன் நிர்மலா, தன் ஆசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரிச்சிருந்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வச்சு, ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்குன்னு முதன்முதலாகத் தெரிஞ்சது அந்தப் பெட்டியிலிருந்துதான். அன்னைக்கு அவர் கையில் கையுறை கிடையாது. எதுக்காக ரத்தம் எடுக்குறோம்னு அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. அவர் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனா அந்தப் பெண்களைப் பத்தியும் யோசிக்காமல் இருக்க முடியலை. இன்னைக்கு, 2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, உங்களுக்குப் புரிய வைத்து, உங்க சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது. முடிவையும் ரகசியமாக வச்சுக்கணும். நம்பிக்கை மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம்.

பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞரே, தனக்குத் தொற்று இருப்பது வேறொரு பரிசோதனையில் தெரிந்ததும், ஓடி வந்து ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ரத்தம் போய்விட்டது. மாத இறுதியில் அந்த இளைஞரும் உயிரை விட்டார். அவர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார், அப்போதே தொற்று தெரிந்திருந்தது, அந்தச் செய்திதான் அவரைச் சேரவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. அரசின் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதற்காக இதை நான் மறைக்க விரும்பலை. பரிசோதனை செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை என்பதுதான் முதல் தவறு, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. அதோடு கூட, பரிசோதனை முடிவு உரிய ஆளைத் தேடிப் போய்ச் சேரும் வழியும் அறுந்து கிடந்தது. அந்த வழியில் உங்க பங்கு ஒரு செல்போன் எண். ரத்தம் கொடுக்கும் இடத்தில் மருமகன் நம்பரையும் பழைய நம்பரையும் கொடுக்காதீங்க. உங்க கைக்கு வந்து சேரும் நம்பரைக் கொடுங்க.

ரத்தம் எடுக்குறவங்க பக்கமும் ஒரு வார்த்தை. அவங்களுக்கும் வீடு, பிள்ளை குட்டி உண்டு. குத்தின ஊசிக்கு மறுபடி மூடி போடும்போதுதான் அவங்க விரலில் குத்திக்கிறாங்க. அதனால் மூடவே கூடாது, நேராக, குத்தினாலும் கிழியாத வெள்ளை நிறப் பெட்டிக்குள் போயிடணும். 2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் அப்படித்தான் சொல்லுது. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு. நீங்க அழுத்திப் பிடிச்ச பஞ்சையும் வெளியே பஸ் ஸ்டாண்டில் வீசாமல் அங்கேயே கொடுத்துட்டு வாங்க. ஊசி குத்திடுச்சுன்னா சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவணும், பிழியக்கூடாது, உடனே டாக்டரைப் பார்க்கணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிச்சாகணும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டுக்காமல் இந்த வேலைக்கு யாரும் வரக்கூடாது. கூட்டம் அதிகம்னு நீங்க பின்னால் நின்னு அவசரப்படுத்துறப்போ, அந்த அவசரம் ஊசி முனையில்தான் போய் முடியுது.

ரிப்போர்ட் போனுக்கு வந்ததும் முதலில் அளவைப் பார்க்காதீங்க. பேரு, வயசு, ரத்தம் எடுத்த தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லாதப்போ அளவு மட்டும் பயமுறுத்தினால், டாக்டரைப் பார்த்து, "மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?"ன்னு கேளுங்க. அதுக்காக நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருக்கும்போது இதைச் சொல்லிக்கிட்டு வீட்டில் உட்கார்ந்திடாதீங்க. மருத்துவ ஆலோசனைக்கோ புகாருக்கோ 104, எச்.ஐ.வி. பற்றிய சந்தேகத்துக்கு 1097.

அப்பத்தா இப்போ ரத்தம் கொடுக்கப் போனால், அந்தத் தம்பி சீட்டை எடுக்குறதுக்கு முன்னாடியே தன் பேரையும் எங்க தாத்தா பேரையும் சத்தமாகச் சொல்லிடுறாங்க. பிறந்த தேதி மட்டும் அவங்களுக்குத் தெரியாது. அதை நான் ஆதார் அட்டையைக் காட்டிச் சொல்லிக்கிறேன்.