உங்கள் நாடகத்தை நீங்களே போடுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நீங்கள் நாடகம் போட வேண்டும். யாரோ எழுதி, யாரோ நடித்து, கேசட்டில் கேட்டுப் பழகிய நகைச்சுவையை நான் சொல்லவில்லை. உங்கள் நாடகம். நீங்கள் எழுதி, அல்லது நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே போடும் நாடகம்.

"சார் ரிடையர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறார், நமக்கு வேலை வைக்கிறார்" என்று பின்வரிசையில் ஒருத்தர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். ஆனால் காரணம் வேறு. அதைச் சொல்கிறேன்.

1979-இல் நான் இங்கே இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் மெஸ்ஸில் தட்டுக் கழுவ ஒரு பையன் இருந்தான். பன்னிரண்டு வயசு இருக்கும். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து அவனைப் பற்றி ஒரு நாடகம் எழுதினோம். அரை மணி நேரம். கடைசிக் காட்சியில் அந்தப் பையனே வந்து வகுப்பு பெஞ்சில் உட்காருவான். வாத்தியார் வருகைப் பதிவேட்டை வாசித்து முடித்து மூடுவார். அவன் பெயர் வராது. அவனாகவே எழுந்து "உள்ளேன் ஐயா" என்பான். அவ்வளவுதான். திரை.

அந்த ஒரு வசனத்தை அவனுக்கு மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தோம். பாத்திரம் தேய்க்கும்போதுகூட "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

கல்லூரி விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகை பார்த்த ஒரு பெரியவர், "நல்லா இருக்குப்பா, ஆனா கடைசி சீன் வேண்டாம். பெரிய மனுஷங்க வர்றாங்க. மெஸ் விவகாரம் எதுக்கு?" என்றார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நாங்களும் "சரிங்க சார்" என்று தலையாட்டினோம். ஏழு பேரில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அதைவிட மோசம், பையனிடம் விஷயத்தைச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

விழா அன்றைக்கு எங்களில் ஒருவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, மேடை ஓரத்தில் நின்றான். திரை விழுந்தது. பலத்த கைத்தட்டல். எங்களுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அவன் என் கையைப் பிடித்து, "அண்ணே, என் சீன் எப்பண்ணே வரும்?" என்று கேட்டான்.

அடுத்த வருஷம் அவன் மெஸ்ஸில் இல்லை. எங்கே போனான் என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை. கோப்பை இன்னமும் நம் நூலக அலமாரியில் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன்.

பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது அவருடைய பயம். நாங்கள் கேட்டுக்கொண்டது எங்களுடைய பயம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியிருந்தார். மறு வருஷம் ஞாநி பரீக்ஷாவைத் தொடங்கினார். தொழிலால் நகரத் திட்டமிடல் பொறியாளரான பாதல் சர்க்கார், மேடையும் திரையும் டிக்கெட்டும் இல்லாமல் கல்கத்தாவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். 1980-இல் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சிப் பட்டறையும் நடத்தினார். பார்வையாளர்கள் சுற்றி உட்கார, நடுவில் நடிகர்கள். செட்டு கிடையாது, மைக் கிடையாது. உடம்பும் குரலும்தான். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால், மேடை கிடைக்காத காட்சியை வேப்ப மரத்தடியில் போட்டிருக்கலாமே என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

1989-இல் ஒரு செய்தி படித்தேன். டெல்லி அருகே சாகிபாபாத்தில் ஜனவரி 1 அன்று தொழிலாளர் குடியிருப்பில் வீதி நாடகம் போட்ட சஃப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள். மறுநாள் இறந்துபோனார். வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற அந்த நாடகத்தை நடித்து முடித்தார்கள். படித்துவிட்டு ஆபீஸில் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து நாடகத்தை முடித்தார்கள். எங்களை யாரும் அடிக்கக்கூட இல்லையே!

வயசு போதாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயசு 18. இங்கே முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே வயசு. பெல்லாரியிலிருந்து வந்த ஒரு குழுவின் நாடகத்தைப் பார்த்தார், நாமும் போடலாமே என்று தோன்றியது, போட்டார். அவ்வளவுதான் விஷயம்.

சரி, எப்படிப் போடுவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆறேழு பேர் போதும். ஆறு வாரம், தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஒத்திகை. முதல் வாரம் நடிக்கவே வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து வாசியுங்கள். வாயில் வராத வசனத்தை அங்கேயே மாற்றுங்கள். எழுதியவன் கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும். நாலாம் வாரத்தில் கையில் தாள் இருக்கக் கூடாது. கடைசி வரிசைக்கு மைக் இல்லாமல் குரல் போகிறதா என்று ஒருத்தர் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நான்கு மணி வெயிலே போதும். வேறொருவர் எழுதியதை எடுத்தால், எழுதியவருக்குக் கடிதம் போட்டு அனுமதி கேளுங்கள். பெண் பாத்திரங்களைப் பெண்கள் நடிக்கட்டும். பெண்கள் இயக்கவும் செய்யட்டும். நடிக்கக் கூச்சப்படுபவர்கள் ஒதுங்கிவிடாதீர்கள். பாய் விரிக்க, பறை அடிக்க, பிராம்ப்ட் சொல்ல ஆள் வேண்டும்.

எதைப் பற்றி எழுதுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எங்களுக்கு மெஸ் பையன் கண்ணில் பட்டான். உங்கள் கண்ணில் படுவது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது கொடுக்கல் வாங்கல் விஷயம். எங்கள் 1981-ஆம் வருஷ வகுப்பு நண்பர்கள் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். வருஷத்துக்கு மூன்று நாடகம், ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய். பெரிய தொகை இல்லை, தெரியும். டீக்கும் வடைக்கும் துணிக்கும் சரியாகப் போகும். நூலகத்துக்குப் பின்னால் உள்ள மரத்தடியை முதல்வர் அவர்கள் மனமுவந்து தந்திருக்கிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, கோப்பை நிச்சயமாகக் கிடையாது!

எங்கள் பக்கம் ஒரே ஒரு நிபந்தனை. அதுவும் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டது. உங்கள் ஸ்கிரிப்டை நாங்கள் முன்கூட்டிப் பார்க்க மாட்டோம். தமிழ்நாட்டில் நாடகப் பிரதியைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வைத்த 1954-ஆம் வருஷச் சட்டப் பிரிவுகளே செல்லாது என்று 2013-இல் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர் அதே பரீக்ஷா ஞாநிதான். கோர்ட்டே வேண்டாம் என்று சொன்ன வேலையை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்? எங்களுக்குப் பிடிக்காத நாடகத்தையும் நீங்கள் போடலாம். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். முடிந்த பிறகு சண்டை போடுவோம். நீங்களும் போடுங்கள். அதுவும் நாடகத்தில் சேர்த்திதான்.

முதல் நாடகம் என்றைக்கு என்று எனக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள், அல்லது மொபைலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுவேன். வந்து பாயில் உட்கார்ந்து, நீங்கள் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நாற்பது வருஷத்துக்கும் முன்னால் ஒருவனைச் சொல்லவிடாமல் செய்த அந்த வார்த்தையை நானாவது சொல்லிக்கொள்கிறேன்.